டாப்சிலிப் தேக்குக்காடு: நட்டது யார், காப்பது எப்படி, நாம் எதுவரை போகலாம்?

பொள்ளாச்சிக்கு மேலே ஆனைமலையில் இருக்கும் டாப்சிலிப் போய்வந்த ஒருவர் மூன்று கேள்வி கேட்டார். தேக்கு மரங்கள் நூல் பிடித்தமாதிரி வரிசையில் நிற்கின்றனவே, அப்படியானால் இது மனிதன் போட்ட தோப்புதானே, இதற்கு எதற்குப் புலிகள் காப்பகம் என்று பெயர்? சாலையோரம் பெரிய தேக்குகள் விழுந்து மக்கிக் கிடக்கின்றன, ஏலம் விட்டால் அரசுக்குக் காசு வராதா? அரசுக் காடு என்றால் மக்கள் காடு, பிறகு ஏன் வண்டியை விட்டு இறங்கி நாலடி வைத்தாலே விசில் ஊதுகிறார்கள்?

மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. இந்தக் காட்டை அரசு நடத்த ஆரம்பித்து 170 ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதில் பெரும்பகுதிக் காலம் இது மரம் எடுக்கும் இடமாகத்தான் இருந்தது. காட்டுயிர்களுக்கான இடம் என்ற எண்ணம் பின்னால் வந்தது, சுற்றுலா அதற்கும் பின்னால் வந்தது. முன்பு போட்ட சாலை, நட்ட மரம், எழுதிய சட்டம் எதுவும் காணாமல் போகவில்லை. அதற்கு மேலேயேதான் புதிய விதிகளை வைத்திருக்கிறார்கள்.

முதலில் தோப்பு விஷயம். ஆனைமலையில் தேக்கு இயற்கையாகவே உண்டு, யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்ததில்லை. பிரிட்டிஷாருக்குக் கப்பல் கட்ட ஓக் மரம் தட்டுப்பாடானபோது அவர்கள் கண் மேற்கு மலைத்தொடரின் தேக்கு மீது விழுந்தது. தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அதில் அடித்த இரும்பு ஆணி சீக்கிரம் துருப்பிடிக்காது, கடல்நீரிலும் மரம் தாங்கும். பம்பாயில் 1817இல் தேக்கில் கட்டிய ட்ரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் மிதக்கிறது, போய்ப் பார்க்கலாம். அப்படிப்பட்ட மரத்தை விடுவார்களா? 1840களின் இறுதியில் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியின் பொறுப்பில் ஆனைமலைத் தேக்கை அரசே வெட்ட ஆரம்பித்தது. பம்பாய்க் கப்பல் கட்டும் துறைதான் முக்கிய வாடிக்கையாளர். அடுத்து ரயில் வந்தது, தண்டவாளத்துக்குக் குறுக்குக்கட்டை கேட்டது. வெட்டிய தடிகளை யானைகள் இழுத்துவந்து மலை விளிம்பில் சேர்க்கும், அங்கிருந்து சரிவில் கீழே சறுக்கி விடுவார்கள். இன்று நீங்கள் போய் நின்று படம் எடுக்கும் இடம் அந்த விளிம்புதான்.

இந்த வேகத்தில் வெட்டினால் சீக்கிரமே ஒன்றும் மிஞ்சாது என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. 1856இல் சென்னை மாகாணத்துக்கு முதல் வனப் பாதுகாவலராக கிளெக்ஹார்ன் என்ற மருத்துவரை நியமித்தார்கள். (அந்தக் காலத்தில் தாவரவியல் படித்தவர்கள் பெரும்பாலும் மருத்துவர்களே. காட்டுக்கு டாக்டரைப் போட்டது அப்போது யாருக்கும் விநோதமாகப் படவில்லை.) அவருக்குப் பின் பெட்டோம் என்பவர் அந்தப் பொறுப்புக்கு வந்தார். 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காடு என்று பலகையில் எழுதியிருப்பதைப் பார்க்கிறீர்களே, அதன் வேர் இந்தச் சட்டம். தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் இருப்பது பெயர் மாறிய, பலமுறை திருத்தப்பட்ட அதே சட்டம்தான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று பாதுகாப்பு என்று சொன்னது அடுத்த தலைமுறை அதிகாரிக்கும் வெட்ட மரம் இருக்க வேண்டும் என்பதற்காக. காட்டைக் காடாக வைத்திருப்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை. அதனால்தான் வெட்டிய இடத்தில் வேறெதையும் வளரவிடாமல் தேக்கையே திரும்ப நட்டார்கள். கேரளத்தின் நிலம்பூரில் 1840களில் மலபார் கலெக்டர் கானலி தொடங்கிவைத்த தேக்கு நடவு இந்தப் பக்கமும் பரவியது. காட்டைக் கூப்பு கூப்பாக, அதாவது வெட்டுக்கான துண்டுகளாகப் பிரிப்பது, இந்த வருடம் இந்தக் கூப்பு என்று ஏலம் விடுவது, வெட்டுவது, எரிப்பது, நடுவது என்று ஒரு சுற்று. நெருக்கமாக நட்டு, சில வருடத்துக்கொரு முறை மெலிந்ததைக் கழித்து, கடைசியில் ஹெக்டேருக்கு நூறு, நூற்றைம்பது மரம் நின்றால் பெரிய விஷயம். நீங்கள் பார்த்த வரிசை அந்த நடவின் மிச்சம்.

இங்கே ஹியூகோ வுட் பெயரைச் சொல்லாமல் போனால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1915 வாக்கில் வந்து, இடையில் கொஞ்ச காலம் தவிர 1926 வரை தெற்குக் கோவைக் கோட்டத்தில் வன அதிகாரியாக இருந்தவர். வெட்டும்போது அடிக்கட்டையைப் பிடுங்காமல் விட்டு, அதிலிருந்து துளிர்ப்பதை வளர்க்கும் மறுதாம்பு முறையை அவர் பெயரோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். பைநிறையத் தேக்கு விதையோடு நடப்பார், கைத்தடியால் குழி குத்திப் போட்டுக்கொண்டே போவார் என்று ஒரு கதை. கதையில் எவ்வளவு உண்மையோ, அவர் சமாதி டாப்சிலிப்பில் மவுன்ட் ஸ்டூவர்ட் பக்கம் தேக்குகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. 1933இல் இறந்தார். என்னைப் பார்க்க வேண்டுமானால் சுற்றிலும் பார் என்ற பொருளில் லத்தீன் வரி பொறித்திருக்கிறார்கள். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் அதைக் கட்டிய ரென் சமாதியில் இருக்கும் வரியும் இதே பொருளில்தான். அவரைக் காட்டின் தந்தை என்று புகழ்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அவர் வளர்த்தது அரசு விற்பதற்கான மரம். ஆனால் மொட்டையாகிக்கொண்டிருந்த மலையில் மண்ணைப் பிடித்து நிறுத்தியதும் அந்த மரங்கள்தான், அதையும் மறுக்க முடியாது.

அடுத்த முறை போனால் இதை நேரிலேயே படித்துவிடலாம். ஒரே அடியிலிருந்து இரண்டு மூன்று தண்டு கிளம்பியிருந்தால் அது மறுதாம்பு. ஒற்றைத் தண்டாக, சம இடைவெளியில் நின்றால் நட்டது. வரிசைக்கு ஒட்டாமல், கோணல்மாணலாக, பெரிய பொந்தோடு ஒன்று நின்றால் வெட்டுக்குத் தப்பிய பழைய மரமாக இருக்கலாம். சாலையில் உதிர்ந்து கிடக்கும் தேக்குக் கொழுந்து ஒன்றை உள்ளங்கையில் கசக்கினால் மருதாணி வைத்தமாதிரி சிவந்துவிடும். மழைக்காலத்தின் பின்பகுதியில் போனால் சில மரங்களில் இலையெல்லாம் வெறும் நரம்பாகத் தெரியும். புழு பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்றிருக்கும். ஒரே மரத்தை ஏக்கர் கணக்கில் நட்டால் அதைத் தின்னும் பூச்சிக்கு விருந்துதான்.

சரி, இது தோப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நீங்கள் பார்த்தது சாலையோரத்தை. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உள்வட்டம் மட்டும் 958 சதுர கிலோமீட்டருக்கு மேல், வெளிவட்டத்தையும் சேர்த்தால் சுமார் 1,480. அதில் புல்மலை உண்டு, சோலை உண்டு, மஞ்சம்பட்டிப் பக்கம் மழை மறைவில் முள்காடும் உண்டு. டாப்சிலிப்புக்குப் பக்கத்திலேயே கரியன்சோலை இருக்கிறது. தேக்கு நடவுக்காக அழியாமல் தப்பிய பசுமைமாறாக் காடு அது, இன்று தேசியப் பூங்காவின் ஒரு துண்டு. தேக்கு நடவிலிருந்து அதற்குள் நுழைந்தால் வித்தியாசம் உடம்பிலேயே தெரியும். வெளிச்சம் சட்டென்று குறையும், காற்று ஈரமாகும், காலடியில் இலை மொறுமொறுப்பதற்குப் பதில் மெத்தென்று இருக்கும், மழைநாளானால் அட்டை ஏறும். தலைக்கு மேல் இருவாச்சி பறந்தால் பார்க்கும் முன்பே இறக்கைச் சத்தம் கேட்கும். வுட் காலத்துக்கு முன்பு இந்தச் சரிவுகளில் எவ்வளவு இப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் மனசு கொஞ்சம் கனக்கும்.

நட்ட தேக்குக்கும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 1972இல் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1976இல் ஆனைமலை சரணாலயம், 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம், 1988இல் காடு என்பது வருமானத்துக்கு அல்ல என்று சொன்ன தேசிய வனக் கொள்கை, 1989இல் தேசியப் பூங்கா, 2007இல் புலிகள் காப்பகம். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் வெட்டு நின்றது. கழிப்பதும் இல்லை, களை எடுப்பதும் இல்லை என்றானதும் மூங்கிலும் வேறு மரங்களும் தேக்கின் இடையில் தலைகாட்டின. யானை, காட்டுமாடு, புள்ளிமான் எல்லாம் தோட்டம், காடு என்று பார்ப்பதில்லை. தீனியும் தண்ணீரும் போகவர வழியும் இருந்தால் வந்துவிடும். அவை வந்தால் புலியும் வரும்.

ஆனால் எல்லாம் தானாகச் சரியாகிவிடாது. கோடையில் தேக்கு இலையை மொத்தமாக உதிர்க்கிறது, அடியில் வெயில் விழுகிறது. அந்த வெயிலில் உண்ணிச்செடி கும்மென்று ஏறிவிடுகிறது. அது இருக்கும் இடத்தில் புல் வராது, மாடும் மானும் மேய ஒன்றும் இருக்காது. அதைவிட, பத்தடியில் யானை நின்றாலும் தெரியாது. பிடுங்கிப் போட்டாலும் வேரில் கொஞ்சம் மிஞ்சினால் திரும்ப வரும், பறவை விதையைப் பரப்பும், வருடம் தவறாமல் அதே இடத்துக்கு ஆள் போக வேண்டும். காட்டு நிர்வாகம் என்றால் புலியை எண்ணுவது என்று நினைக்கிறோம். அன்றாடத்தில் அது உண்ணிச்செடி பிடுங்குவதும், சாலையோரப் புதர் வெட்டுவதும், கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு போடுவதும்தான்.

இரண்டாவது கேள்வி, விழுந்து மக்கும் தேக்கு. இதைக் கேட்காத சுற்றுலாப் பயணி இல்லை, குறிப்பாக வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள்! சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் செத்த, நோய்பட்ட, காற்றில் சாய்ந்த மரங்களைக்கூட எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000 பிப்ரவரியில் உத்தரவிட்டது. காடழிப்புக்கு எதிராக 1990களின் நடுவில் தொடங்கிய கோதவர்மன் வழக்கின் தொடர்ச்சி அது. கேட்க வீண்போல இருக்கும். ஆனால் நடைமுறையை யோசித்துப் பாருங்கள். விழுந்த மரத்தை விற்கலாம் என்றால் லாரி வேண்டும், லாரிக்கு வழி வேண்டும், ஏற்ற ஆள் வேண்டும், அவர்கள் தங்க இடம் வேண்டும். அப்புறம், விழுந்த மரத்துக்கு விலை உண்டு என்று தெரிந்துவிட்டால் காற்றே இல்லாத நாளிலும் மரங்கள் விழ ஆரம்பிக்கும். சந்தனமும் தேக்கும் விளையும் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தத் தடியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மேல்பட்டை உரிந்து கரையான் மண் ஏறியிருக்கும், ஓரிடத்தில் ஏதோ ஒன்று நகத்தால் பிய்த்துப் போட்டிருக்கும். பெரும்பாலும் கரடி வேலை. மக்கிய பக்கத்தில் காளான், அடியில் ஈரம், அந்த ஈரத்தில் ஏதாவது ஒரு நாற்று. நின்றபடி பட்டுப்போன மரம் என்றால் மரங்கொத்தி துளைபோடும். என்னைக் கேட்டால், இந்தக் காட்டிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் மரத்தை எடுத்துக்கொண்டே இருந்தோம், கொஞ்ச காலம் மண்ணுக்கே போகட்டும்.

கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது இல்லாமல் மூன்றாவது கேள்விக்குப் பதில் அரைகுறையாகிவிடும். இது அரசுக் காடு ஆவதற்கு முன்பு யாருடையது? காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் என்று ஆறு பழங்குடிகள் இந்த மலைகளில் வாழ்கிறார்கள். காப்புக்காடு என்று அறிவித்த அன்று அவர்கள் தேன் எடுத்த மரமும் கிழங்கு தோண்டிய சரிவும் சர்க்கார் சொத்தாகிவிட்டது, அதே சர்க்காருக்கு அவர்கள் கூலிகளானார்கள். யானை பிடித்ததும், பழக்கியதும், தடி இழுக்க வைத்ததும் பெரும்பாலும் மலசர்கள். வெட்டு நின்றபோது யானைகளுக்குத் தடி இழுக்கும் வேலை இல்லாமல் போனது, பாகன்களுக்கு இல்லாமல் போகவில்லை. கோழிகமுத்தி யானை முகாமின் கலீம் என்ற கும்கியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊருக்குள் வரும் யானைகளை விரட்டவும் பிடிக்கவும் ஊர் ஊராகப் போய், 60 வயதில், 2023 மார்ச்சில் வனத்துறை மரியாதையோடு ஓய்வு பெற்றது. 2019இல் கோவைத் தடாகத்தில் பிடித்து டாப்சிலிப் பக்கம் விட்ட சின்னத்தம்பி என்ற காட்டு யானை, காட்டை விட்டு இறங்கி உடுமலைப் பக்கம் கரும்பு தின்னப் போனதும், மறுபடி பிடித்து வரகளியாறு கராலில் (மரத்தடிகளால் கட்டிய யானைக்கூண்டு) அடைத்ததும் நினைவிருக்கும். அந்தக் கராலுக்குள் போய் அதோடு பேசிப் பழக்கியதும் இந்த மலை ஆட்களே.

2006இன் வன உரிமைச் சட்டம் வந்த பிறகு கொஞ்சம் நிலைமை மாறியிருக்கிறது, மெதுவாக. 2019 மழையில் மண்சரிந்து வீடிழந்த கல்லார்குடிக் காடர்கள், காட்டுக்குள்ளேயே தெப்பக்குளமேட்டில் இடம் கேட்டு நெடுநாள் போராடித்தான் வாங்கினார்கள். காலங்காலமாக அங்கேயே இருந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், வார இறுதியில் காரில் போகும் நமக்கு விசில் ஊதுவது பெரிய அநியாயம் இல்லை.

விசிலுக்குச் சட்டக் காரணமும் உண்டு. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882 சட்டப்படியே குற்றம். சரணாலயம் என்றால் காட்டுயிர் சட்டமும் சேரும். ஆய்வு, புகைப்படம், சுற்றுலா போன்ற காரணங்களுக்கு அனுமதி பெற்றுத்தான் போகலாம். 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் உள்வட்டத்தில் சுற்றுலாவையே இடைக்காலமாக நிறுத்தியது, சில மாதம் கழித்து விதிமுறைகளோடு திறந்தது. உள்வட்டத்தில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக் கூடாது என்பது அதில் ஒன்று. ஆகவே வனக்காவலர் உங்களைத் தடுப்பது அவர் இஷ்டத்துக்குச் செய்வதல்ல.

ஆனால் சட்டத்தைவிடப் பெரிய காரணம் தீ. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள், 23 பேர் இறந்தார்கள். அது புல்மலை. சமதளத்தில் மெதுவாக நகரும் தீ, சரிவில் மேல்நோக்கி ஓடும். எரியும் சுடுகாற்று மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. சரிவில் மேலே ஓடி அதைத் தாண்ட மனிதனால் முடியாது. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு என்று தனி விதிகள் வந்தன. டாப்சிலிப்பில் மார்ச்சில் தேக்கு இலை கணுக்கால் வரை காய்ந்து கிடக்கும். ஒரு பீடித்துண்டு போதும். அந்த மாதங்களில் மூடிவிட்டார்களே என்று திட்டாதீர்கள்.

அதற்காக எல்லாவற்றையும் பூட்டிவைப்பதும் சரியென்று நான் சொல்லமாட்டேன். சாலையோரத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டு நிற்கும் கார், குரங்குக்குச் சிப்ஸ் கொடுக்கும் குடும்பம், இவர்களால் வரும் தொல்லையைவிட, ஒரு மலசர் வழிகாட்டியோடு எட்டுப் பேர் சத்தமில்லாமல் நடந்துவிட்டு வருவது காட்டுக்கு நல்லது, அந்த ஊருக்கும் நாலு காசு. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது, இணையத்தில் பதிவு செய்து உள்ளூர் வழிகாட்டியோடு நடக்கலாம். திசை சரிதான். பாதைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட வழிகாட்டிகளின் கூலியைக் கூட்டுவதில் கவனம் வைத்தால் நன்றாக இருக்கும். புலி எங்கே படுத்திருக்கும் என்று தெரிந்தவருக்குத் தினக்கூலி கொடுத்து, வண்டிக்கு மட்டும் விலை வைப்பது எந்த ஊர் நியாயம்?

போவதாக இருந்தால் ஒன்றிரண்டு விஷயம். பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, சேத்துமடை வழியாக மலையேற வேண்டும். சேத்துமடைச் சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் சோதனை உண்டு, இருட்டிய பிறகு விடமாட்டார்கள். டாப்சிலிப்பில் வனத்துறை வண்டியில் சவாரி, கோழிகமுத்தி முகாம், அனுமதி இருந்தால் வழிகாட்டியோடு நடை. நேரம் இருந்தால் அதே சாலையில் இன்னும் உள்ளே பரம்பிக்குளம் போங்கள். அது கேரளக் காப்பகம், ஆனால் சாலை தமிழ்நாடு வழியாக மட்டும்தான்; இரண்டு மாநிலச் சாவடி, இரண்டு கட்டணம். அங்கே கன்னிமாரா தேக்கு நிற்கிறது. ஆறரை மீட்டருக்கு மேல் சுற்றளவு, 450 ஆண்டுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். அந்தப் பக்கமும் வெட்டு கொஞ்சநஞ்சமல்ல. சாலக்குடி வரை சுமார் 80 கிலோமீட்டர் டிராம் பாதை போட்டு 1907 முதல் 1963 வரை மரம் இறக்கினார்கள். வரிசைத் தேக்கைப் பார்த்த கையோடு கன்னிமாராவையும் பார்த்தால்தான் நட்டது எது, முளைத்தது எது என்று கண்ணுக்குப் பிடிபடும். தென்மேற்குப் பருவம் ஓய்ந்தபின், செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை நல்ல நேரம். பிப்ரவரி தாண்டிவிட்டால் கிளம்பும் முன் வனத்துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.